பன்னிரண்டாவது பெயர்

மோர்டன்
6 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

கடிதத்தைக் கிழிப்பதென்றால் முதல் பக்கத்தையாவது வாசித்துவிட்டுக் கிழியுங்கள். போனில் என் இலக்கத்தை மூடி வைத்திருக்கிறீர்கள். ஈமெயிலுக்கும் பதில் இல்லை. நேரே இல்ஃபோர்ட்டுக்கு வந்து கதவைத் தட்டுவோம் என்று இரண்டு தடவை வெளிக்கிட்டேன். லிவர்பூல் ஸ்ட்ரீட் வரைக்கும் வந்து, பிளாட்போமில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். உங்கள் கதவு மூடப்படுகிற சத்தத்தைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அலுவலை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வருசம் எங்கள் கூடைப்பந்துக் கழகம் லீக்கில் கடைசி இடம். இருபது புள்ளியால் தோற்றால் “இண்டைக்குப் பரவாயில்லை” என்று பெடியள் கைதட்டுகிற அளவுக்கு வந்துவிட்டோம். ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம். நானும் நடுவரைக் குறை சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? உருப்படியாக விளையாடக்கூடியவர்கள் நாலு பேர்தான் மிச்சம். இந்த வருசம் பத்துப் பேராவது பதியாவிட்டால் லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்களாம். கூடிப்போனால் பன்னிரண்டு பேரைப் பதியலாம்.

இப்போது பிறீ ஏஜென்ட் காலம். எந்தக் கழகத்திலும் பெயர் இல்லாத ஆட்டக்காரரை ஓகஸ்ட் 29 வரை யாரிடமும் அனுமதி கேட்காமல் சேர்க்கலாம். சம்பளம் கொடுத்து ஆள் பிடிக்கிற கழகங்களோடு எங்களால் போட்டி போட ஏலாது. என்னிடம் இருப்பது பழைய காரும், டூட்டிங்கில் வாங்கிக் கொடுக்கிற கொத்து ரொட்டியும், என் வாயும்தான். ஆனாலும் விடவில்லை. பஸ் ஓடி முடித்து, யூனிபோமைக் கழற்றாமலே பூங்காப் பூங்காவாகப் போய் வேலியோரம் நிற்கிறேன். ஒரு தாய் என்னை இன்ஸ்பெக்டர் என்று நினைத்துத் தன் மகனை வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

ஒருவன் கிடைத்திருக்கிறான். தர்சிகன். தகப்பன் அப்பர் டூட்டிங் ரோட்டில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். வலது கையால் எழுதுகிறான், சாப்பிடுகிறான், ஆனால் பந்தை மட்டும் இடது கையால் எறிகிறான். பார்த்த உடனே மனதுக்குப் பிடித்துவிட்டது.

பெயர்களைப் பதிகிற இணையக் கணக்கு செயலாளரான உங்கள் கையில். போன வருசம் ஒரு வார்த்தை கதைக்காமல் எல்லாப் பெயரையும் புதுப்பித்துத் தந்தீர்கள், டெனுசனின் பெயரையும் சேர்த்து. நான் ஒன்றும் கேட்கவில்லை. இந்த வருசமும் கேட்க மாட்டேன்.

தம்பி
சூசைதாசன்


இல்ஃபோர்ட்
12 ஜூலை 2025

சூசைதாசனுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்னும் கை வரவில்லை.

தர்சிகனைப் பதிந்துவிட்டேன். மற்றவர்கள் கிடைத்தால் பெயர், பிறந்த திகதி, படம் மூன்றையும் தபாலில் அனுப்பு. வேலையை நான் செய்வேன். உனக்காக இல்லை. டெனுசனின் அப்பா உயிரோடு இருந்தபோது தொடங்கிய கழகம் அது.

ஒன்றை மட்டும் விளங்கிக்கொள். பன்னிரண்டு பெயரில் ஒன்று என் மகன் டெனுசனுடையது. அதில் நீ கை வைக்க நினைத்தால் மற்றப் பதினொன்றும் போகும். அவன் போய் ஒன்றரை வருசமாகப் போகிறது, பெயரை வைத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பாய். ஒன்றும் செய்யப் போவதில்லை. இருக்கட்டும் என்றால் இருக்கட்டும்.

நான் ஏன் உன்னோடு கதைக்காமல் இருக்கிறேன் என்று ஊரெல்லாம் கேட்டுத் திரிகிறாயாம், கோயிலுக்கு வருகிற மரியமலர் சொன்னாள். நானே சொல்கிறேன். அவனுடைய முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வந்த சனத்துக்கெல்லாம் சாப்பாடு கொடுத்து, பாத்திரம் கழுவிவிட்டு வந்து இருந்தேன். மரியமலர் தெரியாத்தனமாகப் போனை நீட்டினாள். யாரோ ஒரு பெடியன் என் பிள்ளையின் ஏழாம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு துள்ளுகிறான். பின்னால் நீ, வாயெல்லாம் பல்லாக. மகனைப் புதைத்த மண் காயவில்லை, உனக்கு மட்ச் கேட்டது.

முந்தியென்றால் கழகத்தில் சேருகிற ஒவ்வொருவரையும் என் மேசைக்குக் கூட்டிவருவாய். சாப்பிட்ட பிறகுதான் கையெழுத்து. அந்தப் பழக்கம் முடிந்தது. ஒருவரையும் இங்கே கூட்டிவராதே.

இம்மாகுலேற்


மோர்டன்
3 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் எழுதாவிட்டாலும் நான் அன்புள்ள என்றுதான் எழுதுவேன்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? மட்சைத் தள்ளிவைக்கக் கேட்டோம், லீக்காரர் விடவில்லை. ஐந்தே ஐந்து பேர். ஒருவன் சட்டை கொண்டுவரவில்லை, பையில் கிடந்ததை எடுத்துப் போட்டான். நீங்கள் என் பல்லை மட்டும் கண்டீர்கள். மட்ச் முடிந்து காருக்குள் நான் இருந்த இருப்பை ஒருவரும் படம் எடுக்கவில்லை. இதற்கு மேல் அரைத்த மாவை அரைக்க நான் வரவில்லை.

நல்ல செய்தி இருக்கிறது. இன்னும் ஆறு பேரின் விபரம் உள்ளே வைத்திருக்கிறேன். இரண்டு பேரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மாரெக் போலந்துக்காரன், தச்சு வேலை செய்கிறான். போன கழகம் கலைந்துபோனதால் சும்மா இருந்தான். தனி எறிவுக்கு நின்றால் பந்தை நெற்றியில் ஒருக்கால் முட்டிவிட்டுத்தான் எறிவான். பத்து எறிந்தால் ஒன்பது விழுகிறது. டேயோ யூனிவர்சிட்டியில் படிக்கிறவன், தாய் தகப்பன் நைஜீரியா. களைத்துப்போனால் சட்டைக் கழுத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு ஓடுகிறான். ஓட்டத்தைப் பார்க்க வேண்டும் அக்கா, ஆள் தரையில் மிதிக்கிறானோ என்று சந்தேகம் வரும்.

தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு வருகிற குகநாதன் அண்ணைக்கு என்னில் கோபம். போன கிழமை ஆறடி ஐந்து அங்குலத்தில் ஒருவன் தானாக வந்து, “என்னைச் சேர்ப்பீங்களா?” என்று கேட்டான். எங்களிடம் உயரமான ஆளே இல்லை. ஆனால் எனக்கு ஏனோ மனம் ஒட்டவில்லை, அனுப்பிவிட்டேன். “உமக்கு விசரே? கடவுள் கூரையைப் பிரிச்சுத் தந்தாலும் நீர் கூரையைப் பாத்துக் குறை சொல்லுவீர்” என்று குகநாதன் அண்ணை ஏசினார். எதற்காக வேண்டாம் என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆளைப் பார்த்தால் மனம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வியாழன் பின்னேரங்களில் டூட்டிங் பள்ளிக்கூட மண்டபத்தில் பயிற்சி. பழைய இடம்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

தம்பி
தாசன்


இல்ஃபோர்ட்
11 ஓகஸ்ட் 2025

தாசன்,

எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. கைக்குழந்தைக்காரி, கோசிகா என்று பெயர், நல்ல பிள்ளை. போன ஞாயிறு பூசைக்கு வெளிக்கிடும்போது வேலியால் எட்டிப் பார்த்துச் சொன்னாள், “அன்ரி, குறை நினைக்காதேங்கோ. உங்கட மகன் பின்னேரத்தில பின்சுவரில பந்து அடிக்கிறவர் எல்லே, அந்த நேரம்தான் பிள்ளை நித்திரை கொள்ளுறது. கொஞ்சம் குறைக்கச் சொல்லுவீங்களே?”

அவளுக்கு ஒன்றும் தெரியாது. பின்சுவரில் அந்த வளையம் இருக்கிறதை மேல்மாடி ஜன்னலால் கண்டிருப்பாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரி பிள்ளை, சொல்லுறன்” என்றேன்.

வீட்டுக்குள் வந்து கதிரையில் இருந்தேன். பூசைக்குப் போகவில்லை. அன்று பின்னேரம் முழுக்கக் குசினிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காது கொடுத்தேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. யாருக்கோ கேட்கிறது, பெற்றவளுக்குக் கேட்கவில்லை என்றால் எப்படி இருக்கும்? பந்துச் சத்தம் எங்கே கேட்குமோ அங்கே போவோம் என்று வியாழன் வேலை முடிய ரயில் ஏறினேன்.

உனக்குச் சொல்லவில்லை. மண்டபத்தில் பார்வையாளர் இருக்கிற மேல் வாங்கில், கடைசி வரிசையில், குளிர்கோட்டைக் கழற்றாமல் இருந்தேன். நீ ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் தர்சிகன் எறிந்தான். கை மட்டும் இல்லை, மணிக்கட்டு மடிகிற விதமும். பிறகு அந்தப் போலந்துக்காரப் பிள்ளை பந்தை நெற்றியில் முட்டினான். என் பிள்ளை ஆறாம் வகுப்பில் பழகிய பழக்கம் அது. “நெத்தி புண்ணாகும், விடு” என்று நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். மற்றவன் சட்டைக் கழுத்தைக் கடித்தான். நான் தைத்துத் தைத்துக் கொடுத்த கழுத்துகள் எத்தனை! பிறகு மூலையில் நின்ற ஒருவன், பெயர் தெரியாது, மற்றவன் பந்தைத் தவறவிட்டதும் விசிலடித்துச் சிரித்தான். நான் வாங்குப் பலகையைப் பிடித்துக்கொண்டேன்.

தாசன், நீ அணி சேர்க்கவில்லை. என் மகனைத் துண்டு துண்டாகப் பொறுக்குகிறாய். இங்கே ஒரு கை, அங்கே ஒரு ஓட்டம், இன்னொருவனிடம் சிரிப்பு. லண்டன் முழுக்க அலைந்து தேடி, மண்டபத்துக்குள் அடைத்து வைத்து, விசில் ஊதி ஓடவிடுகிறாய். நெட்டையன் ஏன் வேண்டாம் என்று உனக்குத் தெரியவில்லையா? அவனிடம் டெனுசனின் ஒரு துண்டும் இல்லை.

எழும்பிப் போக நினைத்தேன். ஆனாலும் கடைசி விளக்கை அணைக்கும் வரைக்கும் இருந்தேன். அதனால்தான் எனக்கு உன்னில் இன்னும் கூடுதலான கோபம்.

அக்கா


மோர்டன்
14 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை டெப்போவில் வாசித்தேன். வாசித்து முடிய, “அக்காவுக்குத் தலை பழுதாகிவிட்டது” என்றுதான் முதலில் நினைத்தேன், மன்னியுங்கள். இடது கைக்காரர் உலகத்தில் எத்தனை பேர்! சட்டையைக் கடிக்காத ஆட்டக்காரன் யார்! இப்படியெல்லாம் உங்களுக்கு ஒரு பதில் எழுதி, கவரையும் ஒட்டி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இன்றைக்குப் பயிற்சிக்குப் போனேன்.

தனி எறிவுக்கு மாரெக் நின்றான். முழங்கை வெளியே போகிறது. நான் வழக்கம்போலக் கத்தினேன், “டெனு, முழங்கை!”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என் காதுக்குக் கேட்டது. அக்கா, மாரெக் திரும்பிப் பார்த்தான். அது பரவாயில்லை, அவனைப் பார்த்துத்தானே கத்தினேன். மறுபக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற தர்சிகனும் திரும்பினான். சுவரோரம் சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்த டேயோவும் நிமிர்ந்தான். மூன்று பேரும் என்ன என்று கேட்கிற மாதிரி ஒரே முகமாக என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு டெனுசன் யார் என்றே தெரியாது. நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

 பயிற்சியை அத்தோடு நிறுத்தி எல்லோரையும் அனுப்பிவிட்டேன். மண்டபத்தைப் பூட்டத் திரும்பிப்போகப் பயமாக இருந்தது, திறப்பைக் குகநாதன் அண்ணையிடம் கொடுத்தேன். அவர், “பேயைக் கண்டவன் மாதிரி நிக்கிறீர்” என்று பகிடி விட்டார். 

உங்களுக்கு எழுதிய பதிலைக் கிழித்துவிட்டேன். நீங்கள் சொன்னது சரி. சத்தியமாக நான் தெரிந்து செய்யவில்லை. வேலியோரம் நின்று பார்ப்பேன், யாரோ ஒருவனைக் கண்டதும் நெஞ்சுக்குள் ஒரு ஆறுதல் வரும். நல்ல ஆட்டக்காரனைக் கண்ட ஆறுதல் என்று நினைத்தேன்.

எல்லோரையும் விடுவித்துவிடவா? நீங்கள் சொன்னால் செய்கிறேன். கழகம் போனால் போகட்டும். ஆனால் அவர்கள் நல்ல பெடியள், “அங்கிள், அங்கிள்” என்று உயிரை விடுகிறார்கள். நட்புக்காக விளையாடிய இரண்டு மட்சிலும் வென்றோம்.

உண்மையில் எங்களுக்கு வேண்டியது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற ஒருவன். அப்படி ஒருவன் மோர்டனிலேயே இருக்கிறான். கிரண் என்று பெயர். இந்தப் பக்கத்தில் அவனைப் போல ஒருவரும் இல்லை. ஆனால் வாய் திறந்தால் சண்டை. மூன்று கழகம் அவனைத் துரத்திவிட்டது. ஒரு பயிற்சியாளரின் விசிலைப் பறித்துக் கூரையில் எறிந்தவன். அவனை நான் கிட்டவும் எடுக்கவில்லை. எப்படியும் இடம் இல்லைத்தானே, பதினொன்றும் நிரம்பிவிட்டது.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

தாசன்


இல்ஃபோர்ட்
18 ஓகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி,

ஒருவரையும் விடுவிக்காதே. அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தங்கள் கையால் எறிகிறார்கள், தங்கள் காலால் ஓடுகிறார்கள். நாங்கள்தான் கண்ணில் நோய் உள்ளவர்கள்.

இரண்டு மூன்று இரவாக நான் யோசித்த ஒன்றைச் சொல்கிறேன், கோபிக்காதே. நீ பொறுக்கியதெல்லாம் நல்ல துண்டுகள். அவனை அடக்கம் செய்த அன்றும் இதேதான் நடந்தது. “தங்கமான பிள்ளை” என்று ஒருவர் விடாமல் சொன்னார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் அவனைக் கிட்டத்தட்ட மோட்சத்துச் சம்மனசு ஆக்கிவிட்டார். நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இவர்கள் யாரைச் சொல்லுகிறார்கள் என்று பார்த்தேன்.

தாசன், அவன் என்ன சாதுவா? அவனைப் போல ஒரு கோபக்காரனை நீ கண்டிருக்கிறாயா? ஒரு கேள்வி கேட்டால் மூக்கு விரியும். இரண்டாம் கேள்விக்குச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளுவான். மூன்றாம் கேள்விக்கு அறைக் கதவு வீடு அதிர அடிபடும். பிறகு ஒரு மணித்தியாலம் கழித்துப் பூனை மாதிரி வந்து, “சோறு இருக்கோ?” என்று கேட்பான். ஒருநாளும் மன்னிப்புக் கேட்கமாட்டான். சோறு கேட்பதுதான் மன்னிப்பு.

இந்த ஒன்றரை வருசத்தில் அவனில் கோபப்பட என்னை ஒருவரும் விடவில்லை. “ஐயோ, தங்கமான பிள்ளை” என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். நீங்கள் எல்லோரும் வைத்திருக்கிற அந்தப் பிள்ளை என் பிள்ளை இல்லை. பெற்றவளுக்குப் பந்துச் சத்தம் கேட்காததற்கும் அதுதான் காரணமோ தெரியாது. உன் மண்டபத்தில் அன்றைக்கு எல்லோரும் நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள். எல்லாம் இருந்தது, அவன் இல்லை.

அந்தக் கிரணைச் சனிக்கிழமை இங்கே கூட்டிவா. சாப்பிட வரட்டும். ஒருவரையும் கூட்டிவராதே என்று சொன்னவளும் நான்தான், இப்போது கூட்டிவா என்கிறவளும் நான்தான். கேள்வி கேட்காதே. நீ உள்ளே வரத் தேவையில்லை, காருக்குள் இரு. உன்னைக் காண எனக்கு இன்னும் மனம் இடம் தரவில்லை.

பன்னிரண்டாவது இடத்தைப் பற்றி நான் ஒன்றும் வாக்குத் தரவில்லை.

அக்கா


மோர்டன்
24 ஓகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நேற்று என்ன நடந்தது?

நான் தெருமுனையில் காருக்குள் இருந்தேன். அரை மணித்தியாலம்தான் போயிருக்கும். உங்கள் முன்கதவு அடிபட்ட சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குலைத்தது. கிரண் வெறும் சொக்ஸோடு தெருவில் வேகமாக நடந்து வந்தான். பாதி வழியில் நின்றான். குனிந்து காலைப் பார்த்தான். ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். பிறகு சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து காரில் ஏறினான்.  மோர்டனில் இறங்கும்போதுதான், “உங்கட அக்கா சரியான ஆள் அங்கிள்” என்றான். அது நல்லதுக்குச் சொன்னதா கெட்டதுக்குச் சொன்னதா என்று எனக்கு விளங்கவில்லை.

அவன் உங்களை மரியாதையில்லாமல் ஏதும் சொல்லியிருந்தால் என்னை மன்னித்துவிடுங்கள். வழியில் டெனுசனைப் பற்றி அவனுக்குச் சொன்னதும் நான்தான், பக்குவமாக நடக்கட்டும் என்று. வெள்ளிக்கிழமை பதிவு முடிகிறது. பதினொரு பேர் போதும் அக்கா. அவனை மறந்துவிடுவோம்.

தாசன்


இல்ஃபோர்ட்
28 ஓகஸ்ட் 2025

அன்புள்ள தம்பி,

பிள்ளை வந்தான், வாசலில் சப்பாத்தைக் கழற்றினான், மேசையில் இருந்தான். அறக்குளா மீன் குழம்பும் சோறும் வைத்தேன். தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டான். அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தாயா என்று கேட்டேன். ஓம் என்றான். இந்தக் குளிருக்கு ஏன் கோட்டுப் போடவில்லை என்று கேட்டேன். மூக்கு விரிந்தது. ஓகஸ்ட் மாதத்தில் குளிரா என்று மனதுக்குள் நினைத்திருப்பான். எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது தாசன், மறைக்கவில்லை. இன்னும் ஒன்றிரண்டு கேட்டால் வெடிப்பான் என்று தெரிந்தது. கேட்டேன். தலைமயிர் ஏன் இந்தக் கோலம்? விசிலைக் கூரையில் எறிந்தால் பெரிய வீரனா? இன்னும் கொஞ்சம் சோறு போடவா?

கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினான். கதிரை விழுந்தது. “அன்ரி, உங்களுக்கு என்ன வேணும்? நான் உங்கட மகன் இல்லை, ஓகேயா? நான் உங்கட மகன் இல்லை” என்று கத்தினான்.

உன் மற்றப் பிள்ளைகள் ஒருவரும் அதைச் சொல்லமாட்டார்கள். நீயும் சொல்லமாட்டாய், சுவாமியாரும் சொல்லமாட்டார். பிறகு கதவு அடிபட்டது. சுவரில் இருந்த மாதா படம் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை முழுவதும் கேட்டேன்.

ஆனால் டெனுசன் அடிக்கிறது அறைக் கதவை. அடித்துவிட்டு உள்ளேதான் இருப்பான். இவன் அடித்தது முன்கதவை. சத்தம் அடங்கிய பிறகு வீட்டுக்குள் நான் மட்டும்தான் நின்றேன். அவனுடைய அறைக்குப் போய்த் திறந்து பார்த்தேன். ஒருவரும் இல்லை. இத்தனை மாதமாக எத்தனையோ தரம் திறந்து பார்த்த அறைதான். அன்றைக்குத்தான் ஒருவரும் இல்லை என்று கண்டேன்.

மணி அடித்தது. கிரண் சொக்ஸோடு நிற்கிறான். மன்னிப்புக் கேட்கவில்லை. “ஷூ” என்றான். எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “என்னைப் பதியிறீங்களா இல்லையா?” என்று கேட்டான். படத்தையும் பிறந்த திகதியையும் போனில் அனுப்பு என்றேன். இவன் டெனுசனின் துண்டு இல்லை, இவன் இவன்தான். மற்றவர்களையும் அப்படியே பார்க்கப் பழகு. அந்த நெட்டையனுக்கு இந்த வருசம் இடம் இல்லை, அடுத்த வருசமாவது போய்க் கேள்.

செவ்வாய்க்கிழமை கணக்கைத் திறந்தேன். புதுப் பெயர் போட வேண்டுமென்றால் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்தேன். என்ன காரணம் என்று கேட்டது. வேறு கழகம், காயம், ஒழுங்கு நடவடிக்கை, விடுவிப்பு. நாலுதான். மற்றக் காரணம் அதில் இல்லை. இளம் பிள்ளைகள் விளையாடுகிற லீக்கில் அதை யார் யோசித்து வைத்திருப்பார்கள்? விடுவிப்பு என்பதை அழுத்தினேன். கிரணின் பெயரைப் போட்டேன். கணினியை மூடிவிட்டுப் படுத்தேன், நித்திரை வந்தது.

அழுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். செயலாளர் நான்தானே. விடுவித்த ஆட்டக்காரரை அது தானாகவே பிறீ ஏஜென்ட் பட்டியலில் போடும், எல்லாக் கழகமும் பார்க்கும். இன்று காலையில் ஒரு ஈமெயில் வந்திருந்தது. வடக்கு லண்டனில் ஒரு கழகம், முன்பின் தெரியாத மனிதர். உங்கள் கழகம் விடுவித்த ஏழாம் இலக்க ஆட்டக்காரரைப் பார்த்தோம், இடது கைக்காரர், ஆட்டத்துக்குப் பதினெட்டுப் புள்ளி, வயது இருபத்தேழு, எங்களுக்கு அவர் கட்டாயம் தேவை, கதைக்க முடியுமா என்று கேட்டிருந்தார். இருபத்தேழு. நாங்கள் இருபத்தாறோடு அடக்கம் செய்தோம். அந்தக் கணினிக்குள் மட்டும் அவனுக்கு வயது ஏறியிருக்கிறது.

வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் வரைக்கும் அதன் முன்னால் இருந்தேன். பிறகு பதில் எழுதினேன். அந்தச் சொல்லை என் கையால் எழுதியது இதுதான் முதல் தடவை. இங்கிலீசில் எழுதியதை உனக்குத் தமிழில் தருகிறேன்.

“ஐயா, டெனுசன் என் மகன். போன வருசம் மார்ச் மாதம் நித்திரையில் இறந்துவிட்டான். நன்றாக விளையாடுவான். பொல்லாத கோபக்காரன், உங்களோடும் சண்டை பிடித்திருப்பான். அவன் வேண்டும் என்று கேட்டதற்கு நன்றி. கன காலமாக அவனை ஒருவரும் கேட்கவில்லை.”

அக்கா